காலால் பிறந்த மச்சாளும் என் நாரியும்

இடுப்புக்குப் பின்னால் நாரி நோகிறது என்று நான் வாய் திறந்து சொன்ன பிறகுதான் எங்கள் குடியேற்றத் திட்டத்தில் எத்தனை வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிய வந்தது. அதுவரை அவர்களை எல்லாம் நான் வயல் செய்கிற கமக்காரர் என்றே நினைத்திருந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்தில் காணியைப் பங்கு பிரிக்கப் பிரிக்க வேலி மட்டுமே மிஞ்சியதால், குளத்துத் தண்ணீரை நம்பி வன்னியில் முரசுமோட்டைப் பக்கம் வந்து குடியேறியவர்கள் நாங்கள். காட்டை வெட்டவும் வரம்பு கட்டவும் பன்றிக்குக் காவல் இருக்கவும் ஒவ்வொன்றாகப் பழகினோம். வைத்தியத்தை மட்டும் ஒருவரும் பழகவில்லை. அது எல்லோருக்கும் பிறவியிலேயே வந்திருந்தது.

நோ வந்த விதத்தை நானே சொல்லிவிடுகிறேன். என் கணவர் அதை ஊரெல்லாம் வேறு விதமாகச் சொல்லி வந்தார். விதைநெல் மூட்டையை வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். வேலிக்கு அப்பால் யாரோ கூப்பிட, அவர் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தார். திரும்பும்போது கையையும் எடுத்துவிட்டார். நான் எடுக்கவில்லை. நடு முதுகுக்குக் கொஞ்சம் கீழே ஏதோ பிசகியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூட்டை விழவில்லை, ஒரு மணி நெல்லும் சிந்தவில்லை என்று அவர் சந்தோஷப்பட்டார்.

இரண்டொரு கிழமையில் அந்த நோ இடம் மாறத் தொடங்கியது. சேலைக் கட்டுக்கு மேலே, கடைசி விலா எலும்புக்குக் கீழே இருந்தது, வலது பக்கத்தால் சுற்றித் தொடையிடுக்குக்கு வந்தது. அங்கிருந்து தொடையின் முன்பக்கத்தால் இறங்கி முழங்காலில் குடியேறியது. தொடையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம். அதில் கிள்ளினால் தெரியாது, சேலை உரசினால் எரியும். இருமினால் மின்னல் அடித்ததுபோல் இருக்கும். தும்மல் வருகிறது என்றால் தூணைப் பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிடுவேன். எல்லாவற்றையும்விட மோசம் முழங்கால்தான். குசினிப் படியில் காலை வைத்து ஏறும்போது, சொல்லாமல் கொள்ளாமல் மடங்கிவிடும். கையில் இருந்த கறிச்சட்டிகள் பல அப்படித்தான் போயின.

இனி வைத்தியர்கள். பக்கத்துக் காணிக்காரர் இது வாய்வு என்றார், உள்ளிப்பூண்டு தின்னச் சொன்னார். அவருடைய மனைவி இது கர்ப்பப்பை இறங்கினதன் குணம் என்று என் காதுக்குள் சொன்னா, பிறகு கிணற்றடியில் எல்லோருக்கும் சத்தமாகச் சொன்னா. பரந்தன் சந்திக்குப் பக்கத்தில் இருந்த அப்போதிக்கரி முழங்காலைப் பார்த்துவிட்டு, முழங்காலுக்குப் பூசச் சொல்லி ஒரு தைலம் தந்தார். பரியாரியார் வாதம் என்றார். கசாயம் தந்து, புளி, தயிர், கத்தரிக்காய், கணவாய் மீன் எல்லாவற்றையும் நிறுத்தினார். நோ குறையவில்லை, நான் குறைந்தேன். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வலப்பக்கத் தொடையிடுக்கு என்றதும் குடல்வாலாக இருக்கலாம் என்று வயிற்றை அமத்திப் பார்த்தார்கள். எலும்பைப் படம் பிடித்தார்கள். எலும்பு நல்லாயிருக்கிறது என்று சந்தோஷமாக அனுப்பிவைத்தார்கள். நோ முன்பக்கம் இருந்தது. ஆகவே என் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் கணவர் மட்டும் நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார்.

"உது வேலைக்கள்ளம்," என்றார். "நாத்து நடுற காலம் வந்தால் உமக்குக் கால் மடங்கும். கோயில் திருவிழாவுக்கு மடங்காது."

அந்த வருடம் நான் திருவிழாவுக்குப் போகவே இல்லை. அதைச் சொன்னேன். போகாததற்கும் அதுதான் காரணம் என்றார். அவரோடு வாதாடுவதைவிட நோவோடு வாதாடலாம்.

இந்த இடத்தில் என் மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் தமக்கை. கலியாணம் முடித்த அடுத்த வருடமே புருஷனை இழந்தவர், பிள்ளை இல்லை. தம்பியோடு வன்னிக்கு வந்து எங்கள் காணியிலேயே ஒரு கொட்டில் போட்டு இருந்தார். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. காரணம் ஒரு கோழி. என் கோழி அவருடைய கொட்டிலுக்குள் போய் முட்டை இட்டது. கோழி என்னுடையது, ஆகவே முட்டை என்னுடையது என்றேன் நான். கொட்டில் தன்னுடையது, ஆகவே முட்டை தன்னுடையது என்றார் அவர். அன்றிலிருந்து அவர் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தக் கோழிக்குச் சொன்னார். நான் அவருக்குச் சொல்ல வேண்டியதை நாய்க்குச் சொன்னேன். குடும்பம் ஒழுங்காகத்தான் நடந்தது.

ஆனால் மச்சாளுக்கு ஊரில் இருந்த மதிப்பு வேறு யாருக்கும் இல்லை. அவர் காலால் பிறந்தவர். தாயின் வயிற்றிலிருந்து தலை வராமல் கால் முந்தி வந்த பிள்ளை. அப்படிப் பிறந்தவர் காலால் மிதித்தால் நாரிப்பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாரி உழக்கிறது என்பார்கள். நோய்க்காரர் வாசலில் குப்புறப் படுக்க வேண்டும். காலமை, ஒருவரோடும் பேசுவதற்கு முன்னம், காலால் பிறந்தவர் வந்து நாரியில் மூன்று தரம் மிதிக்க வேண்டும். மிதிப்பவரும் படுத்திருப்பவரும் ஒரு சொல்லும் பேசக் கூடாது. காசு வாங்கக் கூடாது, வெற்றிலை பாக்கு மட்டும். பூநகரியிலிருந்து கருவாட்டுக்காரர் ஒருவர் வளைந்துகொண்டு வந்து நிமிர்ந்துகொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் மச்சாள் விடியவே தலை முழுகி, வெள்ளைச் சேலை உடுத்து, கொடியேற்றத்துக்குப் போகிறவர் மாதிரி நடந்து வருவார். விதவை என்று கலியாண வீட்டில் பின்வாசலால் கூப்பிடுகிற அதே சனம், நாரி பிடித்தால் முன்வாசலில் வந்து நிற்கும். அவருக்கு வாழ்க்கை கொடுத்தது இவ்வளவுதான். அதை அவர் சும்மா விடுவாரா?

நான் மட்டும் அவரிடம் போகவில்லை. முட்டை விஷயத்தில் தோற்றாலும் முதுகு விஷயத்தில் தோற்க மாட்டேன் என்று இருந்தேன். ஆனால் முழங்கால் அடிக்கடி மடங்கத் தொடங்கவும், என் கணவர் முடிவெடுத்துவிட்டார்.

"கண்ணுக்கு முன்னால மருந்து இருக்கு. ஊர் உலகமெல்லாம் வந்து போகுது. உமக்கென்ன கௌரவம்?"

அது சரிதான். அவருக்கு ஒரு சதமும் செலவில்லாத மருந்து.

அடுத்த நாள் காலமை வாசலில் பாய் விரித்தார்கள். நான் குப்புறப் படுத்தேன். என் முதுகில் ஏற வருவது யார் என்று நினைக்க நினைக்க, நோ எனக்கு அவ்வளவு மோசமில்லை என்றே தோன்றியது. பக்கத்துக் காணிக்காரரும் மனைவியும் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மச்சாள் வந்தார். பேசக் கூடாது என்ற விதியை எங்கள் இருவரைப்போல இவ்வளவு சுலபமாக அனுசரித்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். முதல் மிதியில் பல்லைக் கடித்தேன். இரண்டாம் மிதியில் முதுகுக்குள் எதுவோ வழுக்கிப் போனது. மச்சாளின் கால் என் முதுகில் அப்படியே நின்றது. எடுக்கவும் இல்லை, அமத்தவும் இல்லை. பிறகு மூன்றாம் மிதி விழுந்தது. கொதிதண்ணியை ஊற்றினதுபோல் ஒன்று தொடையின் முன்பக்கத்தால் ஓடியது. அதற்குப் பிறகு அங்கே ஒன்றும் தெரியவில்லை.

"இப்ப எழும்பும். சரி வந்திருக்கும்," என்றார் என் கணவர்.

எழும்பினேன். வலது காலை ஊன்றினேன். அங்கே கால் இருந்தது, ஊன்றுவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. பாயிலேயே விழுந்தேன்.

"பாத்தியளோ," என்று என் கணவர் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார். "நடிப்பு. அக்கா கை வைச்சும், இல்லை, கால் வைச்சும் சரிவராத நாரி எங்கை இருக்கு?"

வேலிக்கு மேலே இருந்த தலைகள் ஆடின. நான் அழுதேன். நோவால் அழவில்லை, கோபத்தால் அழுதேன். அப்போது மச்சாள் என் பக்கத்தில் குந்தினார். என் முழங்காலைப் பிடித்து மடக்கி நீட்டினார். விட்டதும் அது பக்கவாட்டில் சரிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்த பார்வை அது. பிறகு எழும்பித் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, இது நடிப்பில்லை. இவளைக் கொண்டு போ."

"எங்கை?"

"வெட்டுற இடத்துக்கு. ஆஸ்பத்திரிக்கு."

சூடு மிதிக்கிற காலம் அது. வெட்டின கதிர் குவித்துக் கிடந்தது, மாடு பிடித்து மிதிக்க வேண்டும். சூடு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார் என் கணவர். நெல்லுக்கு முன்னால் பெண்சாதியின் கால் எப்போதும் பிறகுதான். சூட்டைத் தான் பார்க்கிறேன் என்று மச்சாள் சொன்னார். பெண்பிளை களத்துக்குள் போகக் கூடாது என்றார் அவர். அப்படியென்றால் களத்துக்கு வெளியில் நின்று பார்க்கிறேன், நீ போ என்றார் மச்சாள். அன்று பின்னேரமே யாரோடோ கதைத்து ஒரு ட்ரக்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியும் விட்டார். நானும் என் கணவரும் ட்ரக்டர் பெட்டியில் வைக்கோலுக்கு மேல் போனோம். பரந்தன் றோட்டில் எத்தனை குழி, கிடங்கு இருக்கிறது என்பதை அன்று என் முதுகு தனித்தனியாக அறிந்துகொண்டது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் இந்த முறை வேறொரு டொக்டர் இருந்தார், இளம்பெடியன். சின்னச் சுத்தியலால் இடது முழங்காலில் தட்டினார், கால் துள்ளியது. வலதில் தட்டினார். அது பேசாமல் கிடந்தது. இன்னொரு முறை தட்டினார். பிறகு சுத்தியலைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு, உடனே கொழும்புக்குக் கொண்டு போங்கோ என்றார். ஸ்டேஷனில் ஏற்றி, கோச்சியில் என்னைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். என் கணவர் வழியெல்லாம் மழை வந்தால் சூடு நனையுமே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கொழும்பு டொக்டர் நரைத்த மனிதர், சிங்களவர். தெரிந்த தமிழை ஒன்றொன்றாக எடுத்து வைத்துப் பேசினார். என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். மறுபடியும் மிதிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் வலது காலை முழங்காலில் மடக்கிப் பின்னால் மெல்லத் தூக்கினார். தொடையின் முன்பக்கம் கிழிவதுபோல் இருக்க, வாட்டே கேட்கும்படி கத்தினேன். அவருக்கு அது சந்தோஷமாக இருந்தது என்று நினைக்கிறேன். இத்தனை மாதத்தில் என் நோவைக் கண்டு சந்தோஷப்பட்ட முதல் ஆள். எனக்கும் அவர்மேல் அன்று ஒரு பிரியம் வந்தது.

பிறகு முதுகெலும்புக்குள் ஊசியால் ஒரு மருந்தை ஏற்றி, மேசையைத் தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்துப் படம் எடுத்தார்கள். அந்த மருந்து ஓடி வந்து ஒரு இடத்தில் தடைப்பட்டு நின்றதாம். அதற்குப் பிறகு வந்த தலையிடியில் நாரி நோவையே சில நாள் மறந்திருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு நன்மை இருக்கிறது.

டொக்டர் கட்டில் ஓரத்தில் அமர்ந்து எங்கள் இருவருக்கும் விளக்கினார். தமிழ் முடிந்த இடத்தில், பக்கத்தில் நின்ற தமிழ் அட்டென்டன் தொடர்ந்தார். முள்ளந்தண்டில் எலும்புக்கு எலும்பு நடுவில் ஒரு மெத்தை இருக்கிறது. வெளியில் கெட்டி, உள்ளே நுங்கு மாதிரி இளகல். பாரம் தூக்கும்போது கெட்டி கிழிந்து உள்ளே இருந்தது பிதுங்கி வந்து, நரம்பை நெரித்துக்கொண்டு இருக்கிறது. இது பெரும்பாலும் நாரியின் அடித்தட்டில் வரும், அப்போது நோ பின்தொடையால் இறங்கி பாதத்துக்குப் போகும். எனக்கு மேல்தட்டில் வந்திருக்கிறது. அதனால்தான் தொடையிடுக்கும் முன்தொடையும் முழங்காலும். இப்படி வருகிறவர்கள் குறைவு.

"மேலே இடம் சின்னது," என்றார் டொக்டர். "நரம்பு நிறைய. வெட்டிறது கவனம். வெட்டாமல் விட்டால், இந்தக் கால் சரி வராது. நாள் போனால், வெட்டினாலும் சரி வராது."

அந்தக் கடைசிச் சொல் என் நெஞ்சில் இறங்கியது. சாவைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இருக்கவில்லை, அப்போது அதற்கு நேரமும் இருக்கவில்லை. சேற்று வரம்பில் நடக்க முடியாதவளுக்கு எங்கள் ஊரில் என்ன வேலை? கொட்டில் மூலையில் பாயில் கிடந்து, மச்சாள் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்க வேண்டும், அவர் அதைக் கோழிக்குச் சொல்லிக்கொண்டு தருவார். அதை நினைக்கத்தான் பயமாக இருந்தது.

என் கணவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடவில்லை. முதுகில் கத்தி வைத்தால் பிறகு எழும்பவே மாட்டார்கள் என்று வழியனுப்ப வந்த ஊர்ச்சனம் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. அப்படி எழும்பாமல் போன ஆள் யார் என்று கேட்டேன். ஆளைத் தெரியாது, ஆனால் எழும்பவில்லை என்பது நிச்சயம் என்றார்.

"நான் ஒருக்கா ஊருக்குப் போய்க் கோயில்ல பூக்கட்டிப் பாத்திட்டு வாறன்," என்றார்.

வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாக வாழையிலையில் கட்டி, சாமிக்கு முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் செய்யக் கூடாது. வன்னியில் எங்கள் சாமி கிணறு வெட்டுவதற்கும் கலியாணப் பேச்சுக்கும் விடை சொல்லிப் பழகியவர். முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை பற்றி அவரிடம் அதுவரை யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது. நான் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தேன், முடியவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் காலை எந்தப் பொட்டலத்தில் கட்டியிருக்கிறார்களோ என்று நினைத்து நினைத்து அழுதேன். டொக்டர் ஒவ்வொரு காலமையும் வந்து சுத்தியலால் தட்டிவிட்டு, புருஷன் வந்தாச்சா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு நாள் என் கணவர் வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"முதல் பொட்டலத்திலேயே வெள்ளை," என்றார். தானே பூத்து மலர்ந்தவர்போல் சொன்னார். கையெழுத்துப் போட்டார்.

சத்திரசிகிச்சையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, முகத்தில் எதையோ வைத்தார்கள், இனிப்பாக மணத்தது. முழித்தபோது குமட்டல். முதுகு நெருப்பாக எரிந்தது. பின்னால் எலும்பைக் கொஞ்சம் கொத்தி எடுத்து வழி செய்து, பிதுங்கி வந்த துண்டைக் கிள்ளி எடுத்தார்களாம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். தொடையில் நோ இல்லை. மாதக்கணக்காக ஒரு நிமிஷமும் என்னை விட்டுப் பிரியாத நோ. நான் விக்கி விக்கி அழ, தமிழ் தெரியாத நர்ஸ் மிஸி பயந்துபோய் ஊசியோடு ஓடி வந்தார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்குச் சிங்களம் தெரியவில்லை, அந்த ஊசியையும் வாங்கிக்கொண்டேன்.

கிழமைக்கணக்காக நேராகப் படுக்க வேண்டியிருந்தது. திரும்ப வேண்டுமென்றால் மூன்று பேர் வந்து பாயைச் சுருட்டுவதுபோல் துப்பட்டியோடு உருட்டுவார்கள். பிறகு முழங்காலில் மண் பையைக் கட்டித் தூக்கச் சொன்னார்கள். முதலில் பை தூங்கியது, நானும் தூங்கினேன். மெல்ல மெல்ல ஒரு நாள் கால் கொஞ்சம் எழும்பியது. டொக்டர் சுத்தியலால் தட்டினார். வலது கால் அசைந்தது, துள்ளியது என்று சொல்ல முடியாது. போதும் என்றார். கடைசியில், எடுத்த துண்டை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ஸ்பிரிட் ஊற்றிய சின்னப் போத்தலில் போட்டுத் தந்தார். வேகாத நண்டுச் சதை மாதிரி, பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. வேலைக்கள்ளம் எப்படி இருக்கும் என்று என் கணவருக்குக் காட்ட எனக்கு அது வேண்டியிருந்தது.

இரும்புச் சட்டம் வைத்துத் தைத்த கன்வஸ் பட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தேன். வன்னி வெயிலுக்கு அது நல்ல உடுப்பு. போத்தலை அலுமாரிக்கு மேல் வைத்தேன். சனம் வந்து பார்த்தது.

"உதுதானோ?" என்றார் பக்கத்துக் காணிக்காரர். "உந்தச் சின்னத் துண்டுக்கோ இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

கர்ப்பப்பை என்று சொன்ன அவருடைய மனைவி, தான் அப்போதே நரம்பு என்று சொன்னதாகச் சொன்னா. என் கணவர் வந்தவர்களுக்கெல்லாம் போத்தலை எடுத்துக் காட்டி, தான் நேரத்துக்குக் கொழும்புக்குக் கொண்டு போயிருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று விளக்கினார். கோபப்படுவதென்றால் முதுகைக் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது, பட்டி விடவில்லை.

நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்தது. மச்சாள் கையால்தான் கஞ்சி குடித்தேன். காலமையில் அவரே காய்ச்சிக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டுப் போவார். கஞ்சியில் உப்புக் கூட. பக்கத்தில் ஒரு அவித்த முட்டை இருக்கும். அது யாருடைய முட்டை என்று இருவரும் கேட்கவில்லை.

கொழும்பில் படுத்துக் கிடந்தபோது மச்சாளுக்குச் சொல்ல ஒரு பேச்சுத் தயாரித்திருந்தேன். நல்ல பேச்சு, ஒவ்வொரு சொல்லும் முள். சனம் வந்து ஓய்ந்த ஒரு மத்தியானம் அவரே உள்ளே வந்தார். அலுமாரிக்கு மேலிருந்த போத்தலை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். கதிரையில் இருந்தார். போத்தல் மடியில் இருந்தது.

"பிள்ளை, இது என்ர காலுக்குக் கீழையோ கிடந்தது?" என்றார்.

"ஓம் மச்சாள்," என்றேன்.

"எனக்குத் தெரியும். ரெண்டாந்தரம் மிதிக்கேக்கையே காலுக்குத் தெரிஞ்சது. எத்தினை நாரி மிதிச்சிருக்கிறன், அப்பிடி ஒண்டு வழுக்கினதில்லை. நிப்பாட்டியிருக்கலாம். மூண்டுதரம் மிதிக்க வேணும் எண்டது முறை. சனமும் பாத்துக்கொண்டு நிண்டது. அதால மற்றதையும் மிதிச்சுப்போட்டன்."

என்னுடைய பேச்சை நான் தேடினேன். அதைவிட மோசமாக அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"கோயில்லயாவது நல்ல விடை வந்ததே," என்றேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"என்ன விடை? பொட்டலம் கட்டினது நான். ரெண்டுக்குள்ளையும் வெள்ளைப் பூத்தான் வைச்சனான்."

நான் அவரைப் பார்த்தேன். செவ்வாய், வெள்ளி தவறாமல் விரதம் பிடிக்கிற மனிசி.

"சாமிக்கு அப்பிடிச் செய்யலாமோ மச்சாள்?"

"அவருக்கென்ன, கல்லு. அவருக்கு நாரி நோகுமே," என்றார். போத்தலை வைத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் பூநகரிக் கருவாட்டுக்காரர் மறுபடியும் வளைந்துகொண்டு வந்து சேர்ந்தார். விடியப்புறத்திலேயே புறப்பட்டிருக்க வேண்டும். வெற்றிலை பாக்கோடு வாசல் படலையடியில் நின்றார். அவருக்குப் பின்னால் வண்டிக்காரன், வேலிக்கு மேல் பக்கத்துக் காணிக்காரரும் மனைவியும், வழக்கமான சபை. நான் பட்டியைக் கட்டிக்கொண்டு, குசினிச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தேன். மச்சாள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேலை உடுத்திருக்கவில்லை.

"அக்கா, ஒருக்கா உழக்கி விடுங்கோ. நிமிர ஏலாமல் கிடக்கு," என்றார் கருவாட்டுக்காரர்.

மச்சாள் விளக்குமாற்றை நிறுத்தவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கோ," என்றார்.

"நீங்கள் காலால் பிறந்தனீங்கள் இருக்கேக்கை நான் ஏன் ஆஸ்பத்திரிக்கு?"

விளக்குமாறு நின்றது. மச்சாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார், வேலிக்கு மேலிருந்த தலைகளையும் பார்த்தார். விதவையான நாளிலிருந்து ஊர் அவருடைய முன்வாசலுக்கு வந்தது அந்த ஒரு காரணத்துக்காகத்தான். அது எனக்குத் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"ஆர் சொன்னது?" என்றார். "அம்மா சும்மா சொன்னவா. நான் எல்லாரையும் போலத் தலையாலதான் பிறந்தனான்."

வேலியில் சலசலப்பு எழுந்தது. இத்தனை வருடமும் ஏமாற்றிப்போட்டாளே என்று பக்கத்துக் காணிக்காரரின் மனைவி சொன்னது எனக்கே கேட்டது. மச்சாளுக்குக் கேட்காமல் இருக்காது. அவர் குனிந்து மறுபடியும் கூட்டத் தொடங்கினார். நான் சுவரை விட்டேன். குசினிப் படியில் வலது காலை வைத்தேன், அது மடங்கவில்லை. முற்றத்தால் நடந்து மச்சாளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நான் நடந்ததை அவர் பார்த்தார். கூட்டின குப்பையை என் காலில் படாமல் ஒதுக்கினார்.